மனம் விட்டுப் பேச ஓர் ஆள்

பெங்களூரில் ஒசூர் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால், டெய்ரி சர்க்கிள் வருவதற்குச் சற்று முன் கண்டக்டர் "நிம்ஹான்ஸ், நிம்ஹான்ஸ்" என்று குரல் கொடுப்பார். பக்கத்திலேயே இருக்கும் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு இறங்குகிறவர்களை மற்றவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நிம்ஹான்ஸுக்கு இறங்குகிறவர்களைப் பார்க்கும் பார்வையே வேறு. சென்னைக்காரர்கள் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கேலி செய்வதை, இங்கே குடியேறிய நாம் "நிம்ஹான்ஸ் கேஸ்" என்று மாற்றிக்கொண்டோம். நானும் அப்படிக் கேலி பேசியவன்தான். ஆகவே, 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நானே ஒரு மன ஆலோசகரின் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தபோது, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். (நான் போனது நிம்ஹான்ஸ் அல்ல, ஜெயநகரில் ஒரு சிறிய தனியார் இடம்.)

சங்கத்து நண்பர் ஒருவர் சென்ற மாதம், "சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கு எதற்கய்யா பணம் கொடுக்க வேண்டும்? பேசினால் மனிதன் மாறிவிடுவானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதே கேள்வியோடுதான் போனேன். அவருக்கு வாயால் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் நோயைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மருத்துவப் பெயர் எதுவும் கிடையாது. நம் குடும்பங்களில் அதற்கு "பேச்சுவார்த்தை இல்லை" என்று பெயர். யாராவது என்னை மதிக்கவில்லை என்று தோன்றினால் நான் சண்டை போட மாட்டேன், கத்த மாட்டேன், பேச்சை நிறுத்திவிடுவேன். மனைவியிடம் நான்கு நாள், மகளிடம் இரண்டு மாதம், எதிர்வீட்டுக்காரரிடம் ஆறு வருடம். 2010-இல் என் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. கிருஷ்ணகிரியில் நடந்த அந்தக் கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதி, சாப்பிடாமல் திரும்பினேன். அதோடு அண்ணனிடம் பேச்சு நின்றது. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி 90 கிலோமீட்டர் சொச்சம். பதினொரு வருடம் நான் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை.

2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில், அண்ணனை ஆக்ஸிஜன் வைத்த படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள் என்று என் மனைவிக்கு அவள் தங்கை மூலமாகத் தகவல் வந்தது. நான் கைபேசியை எடுத்தேன். எண்ணைக்கூடப் போட்டேன். அழைக்கும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பிழைத்து வீடு திரும்பினார். பிறகு ஒரு நாள் மனைவி கேட்டாள்: "என்னங்க, அவர் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" பதில் இல்லை. அவளிடமும் இரண்டு நாள் பேசவில்லை. மகள்தான் விசாரித்து, ஒரு முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

உண்மையில் அதற்கு முன்பே வேறொருவரிடம் ஒரு தடவை போயிருந்தேன். அவர் பதினைந்து நிமிடத்தில் என் கதையைக் கேட்டுவிட்டு, "மன்னிப்பதுதான் பெரிய குணம், தினமும் பிராணாயாமம் செய்யுங்கள், அண்ணனுக்குப் போன் போடுங்கள்" என்றார். எல்லாம் சரியான புத்திமதிதான். அதை என் மனைவியே இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செய்ய முடியவில்லை என்பதுதான் என் நோய். புத்திமதியால் குணமாகிற வியாதியாக இருந்தால் நம்மூரில் ஒருவர்கூட நோயாளியாக இருக்க மாட்டார்.

இங்கே சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். படித்து மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதிக் கொடுப்பார். மருத்துவ உளவியலாளர் மருந்து தர மாட்டார். பேச்சின் மூலம் சிகிச்சை செய்யப் பயிற்சி பெற்றவர். அப்படிச் சிகிச்சை செய்பவர்களைப் பொதுவாக தெரபிஸ்ட் என்கிறார்கள். இந்தப் பயிற்சிக்கு நம் பெங்களூர் பழைய இடம். லக்கசந்திராவில் மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில், 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. டாக்டர் எம்.வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். மருத்துவ உளவியல் படிப்பு நாட்டில் முதலில் வேரூன்றிய இடங்களில் இதுவும் ஒன்று. 1974 டிசம்பரில் மருத்துவமனையையும் இந்த நிறுவனத்தையும் இணைத்துத்தான் நிம்ஹான்ஸ் உருவானது. நாம் கேலி செய்யும் அந்தச் சுற்றுச்சுவருக்குள்ளிருந்து படித்து வெளியே வந்தவர்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள்.

நான் போன அம்மையாருக்கு என் மகளைவிடப் பத்து வயது அதிகம் இருக்கலாம். கன்னடக்காரர். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கியது. அவர் முதல் நாளே சில விதிகளைச் சொன்னார். வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை மாலை ஐந்து மணி, ஐம்பது நிமிடம். அங்கே பேசுவது வெளியே போகாது. (இது அவருடைய பெருந்தன்மை மட்டுமல்ல, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்கு இந்த ரகசியக் காப்பை உரிமையாகவே கொடுத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.) பிறகு, "உங்களுக்கு என்ன மாற வேண்டும்?" என்று கேட்டார். "அண்ணனிடம் பேச வேண்டும்" என்றேன். "அது ஒரு போன் கால். அதற்கு நான் எதற்கு?" என்று சிரித்தார். இரண்டு வாரம் யோசித்த பிறகுதான் என் வாயிலிருந்து சரியான பதில் வந்தது: "யார் மேலாவது வருத்தம் வந்தால், அதை அவரிடமே சொல்லத் தெரிய வேண்டும்."

அந்த இரண்டு வாரமும் வீண் என்று அப்போது நினைத்தேன். பின்னால் படித்தபோதுதான் அதன் காரணம் புரிந்தது. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சை செய்பவருக்கும் வருபவருக்கும் இடையே மூன்று விஷயங்கள் அமைய வேண்டும் என்றார்: எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு இருவரும் என்ன செய்வது என்பதில் உடன்பாடு, இவை இரண்டையும் தாங்கக்கூடிய ஒரு பிணைப்பு. அவருக்கு முன்பே 1957-இல் கார்ல் ராஜர்ஸ், வருகிறவரை நிபந்தனையின்றி ஏற்பது, அவர் கண் வழியாகவே பார்ப்பது, வேஷம் போடாமல் இருப்பது ஆகியவைதான் மாற்றத்துக்கு அடிப்படை என்று வாதாடியிருந்தார். 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், 30,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவு நன்றாக அமைந்த இடத்தில் பலனும் கூடுதலாக இருந்தது. பலனில் காணும் ஏற்றத்தாழ்வில் சுமார் 8 சதவீதம் இதோடு தொடர்புடையது. எட்டு சதவீதம்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். இந்தத் துறையில் இத்தனை ஆய்வுகளில் மாறாமல் தலைகாட்டும் அம்சங்கள் அதிகம் இல்லை. அதற்காக முறை எதுவும் தேவையில்லை என்றும் அர்த்தமில்லை. திரும்பத் திரும்பக் கை கழுவும் ஓ.சி.டி. போன்ற கோளாறுகளுக்குத் தனியான பயிற்சி முறை உண்டு; அன்பான பேச்சு மட்டும் போதாது. கடுமையான மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் மருந்து வேண்டியிருக்கும்.

ஆறேழு வாரம் ஆங்கிலத்திலேயே ஓடியது. அண்ணனைப் பற்றி நான் சொன்னதெல்லாம் ஆபீஸ் குறிப்பு எழுதுவதுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு நாள் அந்த அம்மையார், "நான் ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவள், சார். தமிழ் நன்றாகவே புரியும். உங்கள் அண்ணனைப் பற்றித் தமிழில் சொல்லிப் பாருங்களேன்" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். "என்னை ஆளாக்கினதே அவர்தான்..." அதற்கு மேல் வரவில்லை. நான் டிப்ளமோ படிக்க வேண்டும் என்பதற்காக, அண்ணன் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு மாங்கொட்டகைக்குக் கணக்கு எழுதப் போனவர். 1982-இல் நான் பெங்களூர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வந்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவர். இதை அதுவரை நான் ஆங்கிலத்தில் சொல்லவே இல்லை. பொய் சொல்லவில்லை, அந்த மொழியில் அது ஞாபகத்துக்கே வரவில்லை. வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன். ஆலோசகரைத் தேடும்போது, உங்களுக்கு அழுகை எந்த மொழியில் வருமோ அந்த மொழி அவருக்குத் தெரியுமா என்று கேட்டுவிடுங்கள். பெங்களூரில் அது கஷ்டமே இல்லை.

அந்த வாரம் வீட்டுப்பாடமாக, நான் யார் யாரோடு பேச்சை நிறுத்தினேன் என்று ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். ஏழு பெயர்கள் வந்தன. அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் நண்பரின் கேள்விக்கு உண்மையான பதில். ஒரு வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ஐந்தேகால் ஆயிற்று, ஐந்தரை நெருங்கியது. உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். அம்மையார் வெளியே வந்து, "சாரி சார், கொஞ்சம் தாமதமாகிவிட்டது" என்று சொல்லி, மிச்சமிருந்த நேரத்துக்கு மட்டும் பேசி அனுப்பினார். "பரவாயில்லை மேடம்" என்றேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாவோடயும் பேச்சை நிறுத்திட்டீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால்தான் வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "வியாழக்கிழமை ஐந்து மணி உங்களுக்காக அப்படியே இருக்கிறது." இனி வரவில்லை என்று சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "அன்றைக்கு உங்களைக் காக்க வைத்தேன். அது எப்படி இருந்தது?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பழக்கமான மௌனம்தான், ஆனால் இந்தத் தடவை அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அதில் கோபமோ தண்டனையோ இல்லை. இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். "என்னை ஒரு மனுஷனா மதிக்கலைன்னு தோணுச்சு" என்று தமிழில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கல்யாணப் பத்திரிகையைப் பற்றி முன்பு சொன்னபோதும் நான் சொன்னது இதே வாக்கியம்தான்.

அவர் காரணம் சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்தவருக்கு ஏதாவது அவசரம் இருந்திருக்கும். சொல்லவில்லை. "நீங்க சொல்றது சரி. தப்பு என்னுடையதுதான்" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு, "இப்போ என்கிட்ட நேரா சொல்லிட்டீங்க. சொன்ன பிறகு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் துரத்தவில்லை. எனக்கும் கேவலமாக இல்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அறுபது வயதில், வருத்தத்தை வருத்தம் கொடுத்தவரிடமே சொல்லி, அந்த உறவு முறியாமல் இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன். இதைப் புத்தகத்தில் நூறு தடவை படித்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. உறவில் விரிசல் விழுவதும் அதைச் சேர்ந்தே சரிசெய்வதும் சிகிச்சைக்கு இடைஞ்சல் அல்ல, பல சமயங்களில் அதுவே சிகிச்சை என்று இந்தத் துறையினர் சொல்கிறார்கள். நம் குணம் எதுவோ, அது அந்த அறைக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நம்மோடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. வெளியில் அதற்குக் கிடைக்கும் வழக்கமான பதில் அங்கே கிடைப்பதில்லை. அதிலிருந்துதான் புதிய பழக்கம் தொடங்குகிறது. நண்பனிடமோ மனைவியிடமோ இதை ஏன் செய்ய முடியாது என்றால், அவர்களுக்கும் நம் மேல் வருத்தம் இருக்கும். அவர்கள் பங்கும் அதில் கலந்திருக்கும். ஆலோசகருக்கு நம்மிடமிருந்து கட்டணத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை. பணம் கொடுப்பது எதற்கு என்று நண்பர் கேட்டாரே, இதற்குத்தான்.

நம் மரபில் இதற்கு இணையான உறவு குரு-சிஷ்யன் உறவுதானே என்று சிலருக்குத் தோன்றலாம். பஞ்சாபிக் கவிஞரும் மனநல மருத்துவருமான ஜஸ்வந்த் சிங் நேகி 1973-இலேயே இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மேல்நாட்டு முறையில் சிகிச்சையாளர் ஒதுங்கி நிற்பார். நம்மவர்களோ வழிகாட்டும் பெரியவரைத் தேடி வருகிறார்கள் என்பது அவர் கவனித்தது. என் அனுபவத்தில் இது பாதி உண்மை. ஆரம்பத்தில் நானும் "நீங்களே சொல்லுங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் கடைசிவரை உத்தரவு போடவில்லை; எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. மே மாதத்தில் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த மாம்பழத்தில் ஒரு பை நிறைய எடுத்துப் போனேன், குருதட்சணை மாதிரி. அம்மையார் ஒரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பையைத் திருப்பிக் கொடுத்தார். "மீதியை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?" என்றார். எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, "சேலம் பழமா?"

இன்னொரு பயமும் நம் குடும்பங்களில் உண்டு: ஆலோசகரிடம் போனால் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிடுவார்கள் என்பது. நம் நாட்டு அனுபவம் வேறு மாதிரி. அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் 1950-களிலேயே, நோயாளிகளின் உறவினர்களை ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்க வைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் குடும்பத்தினர் கூடவே தங்கும் வழக்கம் ஏற்பட்டது. நிம்ஹான்ஸிலும் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. என் விஷயத்தில், ஒரு வியாழக்கிழமை மனைவியையும் அழைத்து வரச் சொன்னார்கள். முப்பது வருடமாக என் மௌனத்துக்கு நடுவில் எப்படிச் சமைத்தாள், எப்படிப் பிள்ளையை வளர்த்தாள் என்று அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

அந்த வருடம் தீபாவளிக்கு முதல் நாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். என் எண் அவரிடம் இல்லை. "யாரு?" என்றார். "நான்தாண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அங்க மழை விட்டுச்சா?" என்றார். நாற்பது நிமிடம் மழையைப் பற்றியும் தென்னைக்கு வந்த நோயைப் பற்றியும் பேசினோம். பொங்கலுக்கு நேரில் போய், பத்திரிகை விஷயத்தையும் அவரிடமே கேட்டேன். மறந்து விட்டுப்போயிற்று என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அண்ணி குறுக்கிட்டு, "தெரிஞ்சுதான் தம்பி விட்டாரு. நிச்சயதார்த்தத்துக்கு நீ வரலைன்னு அவருக்குக் கோபம்" என்றார். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நோய் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் வந்ததல்ல என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த மாற்றம் நிலைக்குமா என்று கேட்பீர்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மனச்சோர்வு உள்ள சுமார் 500 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2017 வாக்கில் வெளிவந்தன. அங்கே பேசியவர்கள் பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்ல; பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண உள்ளூர்வாசிகள். ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள்தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. எனக்கு 44 சந்திப்புகள் ஆயின. என் முடிச்சு பழைய முடிச்சு. சந்திப்புகள் நின்று வருடங்கள் ஆகின்றன. போன மாதம்கூட மகள் ஏதோ சொன்னாள் என்று ஒன்றரை நாள் பேசாமல் இருந்தேன். முன்பெல்லாம் இரண்டு மாதம். இரண்டாம் நாள் மாலை, "நீ அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமா இருந்துச்சும்மா" என்று சொன்னேன். அவள் உடனே சமாதானம் ஆகிவிடவில்லை. "எனக்கும் நிறைய இருக்குப்பா, சொல்றேன்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாரிடம் ஒரு சந்திப்புக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும் இடங்கள் பெங்களூரில் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நிம்ஹான்ஸில் செலவு மிகக் குறைவு, கூட்டம் அதிகம். ஒசூர் சாலை வளாகத்துக்குப் போகத் தயங்குகிறவர்களுக்காக பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸின் நல்வாழ்வு மையம் இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைத்திருப்பவரிடம், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு உண்டா என்று கூசாமல் கேட்கலாம். மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லையென்றால் வேறொருவரைத் தேடுங்கள். உடனே யாரிடமாவது பேசியாக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மொழியைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். தமிழும் அதில் உண்டு.

கடைசிச் சந்திப்பு 2023 ஜூனில். முடியப்போகிறது என்று அம்மையார் ஒரு மாதம் முன்பே சொல்லி, அதைப் பற்றியும் பேச வைத்தார். ஓர் உறவைச் சொல்லிக்கொண்டு முடிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அன்றைக்கு எழுந்து நின்று, நம் வழக்கப்படி "போயிட்டு வரேன் மேடம்" என்றேன்.

"வாங்க சார்" என்றார். "வராம இருந்தாலும் சந்தோஷம்தான்."